புல்லட்டின் மூச்சுத் துளை

நாஞ்சில் நாட்டு அடுக்களைகளில் எண்ணெய் டின் திறப்பதற்கென்று ஒரு முறை உண்டு. ஆணியை வைத்து ஒரு மூலையில் ஒரு துளை போடுவார்கள். பிறகு எதிர்மூலையில் இன்னொன்று. முதல் துளை எண்ணெய் வெளியே வருவதற்கு. இரண்டாவது துளை எதற்கு? அதை விரலால் மூடிக்கொண்டு டின்னைச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் 'குபுக் குபுக்' என்று விட்டுவிட்டு வரும். துளை சிறியதாக இருந்தால் நின்றே போகும். விரலை எடுத்தால் ஒரே சீராக ஒழுகும். எண்ணெய் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, அதன் அழுத்தம் குறைந்து, எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நம் பாட்டிமார் இதற்கு விளக்கம் கேட்டதில்லை. இரண்டு துளை போடாமல் இருந்ததும் இல்லை.

பழைய மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டரிலும் இப்படியொரு இரண்டாவது துளை இருக்கிறது. வண்டி வாங்கியவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. அது என்ன வேலை செய்கிறது என்பதை நானும் ஆரல்வாய்மொழிக் காற்றில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் மைத்துனரிடம் 1988ஆம் ஆண்டு புல்லட் ஒன்று உண்டு. அதன் காற்று வடிகட்டிப் பெட்டி துருப்பிடித்து விட்டதால் அதைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே நேரடியாக மாட்டக்கூடிய கூம்பு வடிவப் புது வடிகட்டி ஒன்றைக் கடையில் பொருத்திக்கொண்டார். பார்க்க அழகாக இருந்தது. சத்தமும் கம்பீரமாக இருந்தது. ஆனி மாதத்தில் ஒருநாள் இருவரும் நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு வரை சென்றோம். வண்டி வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று. திரும்பும்போதுதான் வந்தது வினை. முப்பந்தல் தாண்டியதும் இருமத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக வேகம் ஏறாமல், உள்வாய் வழியே 'டப்' என்று திருப்பி அடித்தது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். மீண்டும் வேகம் பிடித்தால் மீண்டும் இருமல். தோவாளைக்கு வந்த பிறகு சரியாகிவிட்டது!

ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே பெட்ரோல். போகும்போது இல்லாத நோய் வரும்போது எப்படி வந்தது? இதற்கு விடை காண நாம் நூற்றாண்டுக்கும் மேல் பின்னே செல்லவேண்டும்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் சொன்னால் பெரிதாகத் தோன்றாது. கன அளவில் சொல்கிறேன்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! இந்தக் கலவையைத் தயாரித்துத் தரும் கருவியே காற்றுக்கலப்பி என்னும் கார்புரேட்டர்.

1885இல் ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்திச் செய்த வண்டியை உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்பர். அதன் 264 சி.சி. எஞ்சின் அரைக் குதிரைத் திறன் தந்தது. அக்காலக் கார்புரேட்டர் வெறும் பாத்திரம்தான். பெட்ரோலின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு காற்று செல்லும். செல்கையில் ஆவியையும் அள்ளிக்கொண்டு போகும். வெயிலில் ஆவி மிகும், குளிரில் குறையும், வண்டி குலுங்கினால் கலவை மாறும். எஞ்சின் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுழன்ற காலத்தில் இது போதுமானதாக இருந்தது.

1893இல் இரண்டு இடங்களில் ஒரே தீர்வு பிறந்தது. ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் மைபாக்கும், பெட்ரோலை ஆவியாக அள்ளாமல் தூவலாகத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினர். காற்று செல்லும் குழாயில் நுண்ணிய மூக்குக் குழாய் ஒன்று. அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் நிற்கும் சிறு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி ஊசியைத் திறக்கும். நிறைந்தால் ஏறி மூடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்கும் வால்வு செய்வதும் இதேதான். இதனால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் எப்போதும் மூக்கின் நுனிக்குச் சற்றுக் கீழே, தயாராக நிற்கும்.

அதை மேலே இழுப்பது எது? 1738இல் தானியேல் பெர்னூலி வெளியிட்ட நூலில் காட்டிய விதிதான்: பாய்மம் விரைந்தோடும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. 1797இல் இத்தாலியரான வெந்தூரி, குழாயின் இடுங்கிய கழுத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். கார்புரேட்டரின் கழுத்தும் அத்தகையதே. காற்று அங்கே விரையும்போது அழுத்தம் குறையும். கிண்ணத்தின் மேலுள்ள காற்றோ முழு அழுத்தத்துடன் பெட்ரோலை அழுத்துகிறது. இவ்விரண்டு அழுத்தங்களின் வேறுபாடே பெட்ரோலை மூக்கு வழியே மேலே தள்ளுகிறது. 'எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது' என்று நாம் சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால் வெளிக்காற்றுதான் அதை உள்ளே தள்ளுகிறது. அந்த வெளிக்காற்று கிண்ணத்துக்குள் வருவதற்கான வாசலே நாம் தேடிய இரண்டாவது துளை. கார்புரேட்டரின் மூச்சுத் துளை.

இந்த வேறுபாடு எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். உறிஞ்சும் நேரத்தில் கழுத்தில் காற்று வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். இது மணிக்கு 180 கிலோமீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கிப் பாதியாக்கினால் அழுத்தக் குறைவு 1,500 பாஸ்கல் என்று வரும். அதாவது வெறும் 15 சென்டிமீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம்! ஒரு தம்ளர் தண்ணீரின் உயரத்துக்குச் சற்றே மேல். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 10 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். எனவே கிண்ணத்தின் மூச்சுத் துளை அடைபட்டு, உள்ளே சிறைப்பட்ட காற்று நூற்றில் ஒரு பங்கு விரிந்தாலே போதும். 10 சென்டிமீட்டர் நீரளவு அழுத்தம் போய்விடும். பதினைந்தில் பத்து போனால் பெட்ரோலைத் தள்ள என்ன மிஞ்சும்?

இனி நம் புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் செய்த வண்டி இது. எல்லைக் காவலுக்காக இந்தியா இதை இறக்குமதி செய்தது. பின்னர் சென்னையிலேயே செய்வதென முடிவாகி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் ஏற்பட்டது. (குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் நாள். எனவே புல்லட் நம்மைவிடச் சற்று மூத்த தமிழ்நாட்டுப் பிரஜை!) முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பூட்டினார்கள், 1960களின் தொடக்கத்தில் பாகங்கள் யாவும் இங்கேயே உருவாயின. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாய் மறைந்த பின்னும் பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது.

புல்லட்டின் எஞ்சின் அளவு 346 சி.சி. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் 1,500 முறை மூச்சிழுக்கும். ஒவ்வொரு முறையும் உருளை நிறைவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு 500 லிட்டருக்கும் மேல் காற்று!

பழைய புல்லட்டுகளில் ஆமல் கார்புரேட்டர் இருந்தது. பர்மிங்ஹாம் நகரில் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் 1920களின் இறுதியில் ஒன்றாகி உண்டான பெயர் அது. 1950களின் நடுவில் ஆமல் கொண்டுவந்த மோனோபிளாக் என்னும் வகையில் மிதவைக் கிண்ணமும் கழுத்தும் ஒரே வார்ப்பாக அமைந்தன. அதன் தலையில் 'டிக்ளர்' என்ற சிறு குமிழ் உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புமுன் அதை விரலால் அழுத்தினால் மிதவை தாழ்ந்து பெட்ரோல் பொங்கும். விரலில் பெட்ரோல் நனைந்தால் 'ரெடி' என்று பொருள். பிறகு அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரசர் பிடியை இழுத்து, உதைக்கவேண்டும். இந்தச் சடங்கை ஒழுங்காகச் செய்யாதவர் கணுக்காலைப் புல்லட் பதம் பார்த்துவிடும் என்பது முதியவர்கள் அனுபவம். பின்னாளில் ஜப்பானிய மிக்குனி முறையைத் தழுவிய மிக்கார்ப் கார்புரேட்டர்கள் வந்தன. இவற்றில் மூச்சுத் துளைகளுக்குச் சிறு பித்தளை முனையும், அதில் மாட்டிய ரப்பர்க் குழாயும் இருக்கும்.

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் காற்று வடிகட்டியே கிடையாது. மண் சாலைகளின் புழுதி நேரே உருளைக்குள் சென்று பிஸ்டன் வளையங்களை அரைத்துத் தின்றது. எண்ணெயில் நனைத்த கம்பிவலை, கம்பளித் துணி, மடித்த காகிதம் என்று வடிகட்டிகள் பின்னர் வந்தன. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவன மணல், வடிகட்டியில்லாத எஞ்சினின் ஆயுள் எவ்வளவு குறைவு என்பதைப் படைகளுக்குக் கசப்பாகக் கற்பித்தது. இப்போது கடைகளில் கூம்பாகக் கிடைக்கும், எண்ணெயிட்ட பருத்தித் துணி வடிகட்டியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் 1960களில் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த இருவர்.

வடிகட்டி என்பது காற்றுக்கு ஒரு தடை. தடையைத் தாண்டும்போது காற்று சிறிது அழுத்தத்தை இழக்கும். ஒரு பேச்சுக்கு, நிறுவனம் தந்த பெட்டியில் இந்த இழப்பு 3 சென்டிமீட்டர் நீரளவு என்போம். கிண்ணம் வெளிக்காற்றில் மூச்சு விடுகிறது. எனவே பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் 15 அன்று. 15உம் 3உம் சேர்ந்து 18. மெயின் ஜெட்டின் துளையை நிறுவனம் இந்த 18க்கு ஏற்றபடிதான் அளந்து போட்டிருக்கிறது. வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்து இழப்பு 7 ஆனால் என்ன ஆகும்? தள்ளும் அழுத்தம் 22. துளை வழியே ஓடும் பெட்ரோல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே நூற்றுக்குப் பத்துப் பங்கு பெட்ரோல் கூடும். காற்றோ கூடவில்லை. வண்டி கரும்புகை விடும். வடிகட்டியைக் கழுவாதவர் பெட்ரோலுக்குத் தண்டம் கட்டுவது இதனால்தான்.

தடை குறைந்த கூம்பு வடிகட்டியை மாட்டினால் இதற்கு நேர்மாறு. இழப்பு 1 சென்டிமீட்டர் என்றால் தள்ளும் அழுத்தம் 16. பெட்ரோல் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு குறையும். மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள். காற்று மிகுந்த கலவை மெதுவாக எரியும். பளு இழுக்கையில் எஞ்சின் அளவுக்கு மேல் சூடேறும். நான்கு வீச்சு எஞ்சினாகிய புல்லட்டாவது இருமிக் காட்டிக்கொடுக்கும். ஜாவா, எஸ்டி போன்ற இரு வீச்சு வண்டிகளின் கதை இன்னும் மோசம். அவற்றில் எஞ்சினுக்கான எண்ணெயே பெட்ரோலில்தான் கலந்து வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு கூடும் அதே வேளையில் வழுவழுப்பு போய்விடும். பிஸ்டன் உருளையோடு ஒட்டிக்கொள்ளும். மைசூரில் ஜாவாவும் எஸ்டியும் செய்த தொழிற்சாலை 1996இல் மூடிவிட்டது. இன்று அந்தப் பிஸ்டனுக்கு அலைபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சில வண்டிகளில் கிண்ணத்தின் மூச்சுத் துளையை வெளிக்காற்றில் விடாமல் வடிகட்டிப் பெட்டிக்குள்ளேயே கொண்டு விட்டிருப்பார்கள். இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பெட்டிக்குள் அழுத்தம் குறைந்தால் கிண்ணத்திலும் அதே அளவு குறையும். வடிகட்டி அழுக்கானாலும் கலவை பெரிதும் மாறாது. பெட்டியைக் கழற்றி எறிபவர் இந்தச் சமநிலையையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்.

முப்பந்தல் புதிருக்கு விடை சொல்லும் நேரம் வந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்துக்கு அருகே ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிறது. கணவாயே ஒரு பெரிய கார்புரேட்டர்க் கழுத்து என்று சொல்லலாம்! 1980களின் பிற்பகுதியிலிருந்து முப்பந்தலில் காற்றாலைகள் எழுந்ததும் இதனால்தான்.

அங்கே காற்று வினாடிக்கு 15 மீட்டர் வீசுவதாகவும், நாம் மணிக்கு 60 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டரில் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது காற்றும் நம்மோடு வருகிறது. வண்டியைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 1.7 மீட்டர்தான், மெழுகுவத்தி அணையலாம், அவ்வளவே. மேற்கே திரும்பும்போது இரண்டும் சேர்ந்து 31.7 மீட்டர். அதன் அழுத்தம் ஏறத்தாழ 600 பாஸ்கல். 6 சென்டிமீட்டர் நீரளவு. கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் இது முழுவதும் அங்கே விழாது. பாதி விழுந்தாலே போதும். மூச்சுக் குழாயின் திறந்த வாயைக் காற்று குறுக்கே கடந்து ஓடினால், ஒப்பனை மேசைச் செண்டுத் தெளிப்பானைப் போலக் கிண்ணத்துக் காற்றை வெளியே இழுக்கும். 16லிருந்து 3 போனால் மிச்சம் 13. நிறுவனம் வைத்திருந்த 18ஓடு ஒப்பிட்டால் பெட்ரோல் நூற்றுக்கு 15 பங்கு குறைவு. அதோடு எதிர்காற்றில் எஞ்சினுக்குப் பளுவும் அதிகம். இருமாமல் என்ன செய்யும்?

நாகர்கோவிலில் ஒரு மூத்த மெக்கானிக், இந்தக் கணக்கு எதுவும் போடாமல் நோயைக் கண்டுபிடித்தார். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், கார்புரேட்டரின் பக்கத்தில் தொங்கிய இரண்டு ரப்பர்க் குழாய்களை விரலால் தூக்கிக் காட்டினார்.

"மக்களே, இதை யாரு வெட்டினது?"

பழைய பெட்டி இருந்தபோது அந்தக் குழாய்கள் அதற்குப் பின்னால், காற்று அசையாத மூலையில் செருகப்பட்டிருந்தன. பெட்டி போனதும், தொங்குவது அழகாக இல்லையென்று கடைக்காரர் அவற்றை விரல் நீளத்துக்கு நறுக்கி, உருளைக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் விட்டிருக்கிறார். ஒன்றின் வாயில் களிமண் வேறு.

"குளவி கூடு வச்சிருக்கு. ஒரு மூக்கு அடைஞ்சு போச்சு, இன்னொரு மூக்கைக் காத்து புடுங்குது. வண்டிக்கு மூச்சு முட்டாம இருக்குமா?"

களிமண்ணை அவர் கம்பியால் குத்தவில்லை. குழாயையே கழற்றி மாற்றினார். குத்தினால் மண் உள்ளே விழுந்து ஜெட்டை அடைக்கும் என்றார். முழுவதும் அடைந்த வண்டியில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது: ஓடும்போது பெட்ரோல் போதாமல் திணறும், நிறுத்தினால் எஞ்சின் சூட்டில் கிண்ணத்து ஆவி விரிந்து, போக வழியின்றிப் பெட்ரோலை ஜெட் வழியே கழுத்துக்குள் தள்ளும். கிளப்ப முயன்றால் பெட்ரோல் மிகையாகி எஞ்சின் எடுக்காது. ஒரே அடைப்பு, இரண்டு எதிரான நோய்கள்.

மழைக்காலத்தில் குழாயின் வாயில் நிற்கும் ஒரு துளி நீரும் இதே அடைப்பைச் செய்யும். ஆண்டில் இருமுறை பருவமழை காணும் நம் மாவட்டத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது. குழாய் முனையைச் சாய்வாக நறுக்குவது இதற்காகத்தான். சாய்ந்த வாயில் துளி நிற்காது.

குழாய் எந்த ரப்பர் என்பதும் முக்கியம். குலசேகரம், கீரிப்பாறைத் தோட்டங்களில் பால்வடியும் நம் இயற்கை ரப்பர் டயருக்கு உயர்ந்தது, பெட்ரோலுக்கு ஆகாது. பெட்ரோல் பட்டால் உப்பிப் பொதுபொதுவென்று ஆகிவிடும், உள்துளை சுருங்கிவிடும். 1930களில் ஜெர்மானிய வேதியியலார் உருவாக்கிய நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரே பெட்ரோல் குழாய்க்கு ஏற்றது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வாழ்ந்துகொண்டு செயற்கை ரப்பர்க் குழாய் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது! பெட்ரோலில் எத்தனாலைக் கூட்டிக் கலக்கும் இந்நாளில் பழைய வண்டியின் ரப்பர்ப் பாகங்களை இன்னும் அடிக்கடி பார்க்கவேண்டும்.

புல்லட்டின் பிற்கால உறவினர்களுக்கும் இதே இடர்ப்பாடு வேறு வடிவில் வந்தது. 1905இல் இங்கிலாந்தில் செருப்பு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள், கழுத்தின் அகலம் தானே கூடிக் குறையும் கார்புரேட்டர் ஒன்றை உருவாக்கினர். முதலில் அதைத் தோல் துருத்தி தூக்கியது. குடும்பத் தொழில் கைகொடுத்தது போலும்! அதன் வழிவந்த ரப்பர்த் திரைக் கார்புரேட்டர்கள் 1965இல் ஹோண்டாவின் 450 சி.சி. வண்டியிலும், 2000களின் பிற்பகுதியில் புது எஞ்சினோடு வந்த 350 சி.சி. என்ஃபீல்டுகளிலும் இடம்பெற்றன. இவற்றில் திரையின் அடிப்புறம் மூச்சு விடும் துளை, கார்புரேட்டர் வாயின் விளிம்பிலேயே, வடிகட்டி மாட்டும் இடத்தில் இருக்கிறது. கூம்பு வடிகட்டியின் தடித்த ரப்பர் உதடு அந்தத் துளையின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் திரை மேலே எழாது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகினாலும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் மறுக்கும். மாட்டுமுன் வடிகட்டியின் வாயை உள்ளிருந்து விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மிதவைக் கிண்ணத்தின் குறைகளைப் பற்றிப் பேசுகையில் பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையாரை விட்டுவிட முடியாது. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் 1934இல் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றி வந்த பொறியியலார் இவர். போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தும்போது கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பி எஞ்சின் தடுமாறியது. 1941இல் அவர் பெட்ரோல் வழியில் நடுவே துளையிட்ட சிறு உலோகத் தட்டு ஒன்றை வைத்து அதை அடக்கினார். விமானமானாலும் புல்லட்டானாலும், கிண்ணத்து அமைதியைக் குலைத்தால் எஞ்சின் பொறுப்பதில்லை.

இத்தனை அருமையான மூச்சுத் துளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. உள்ளே காற்றை விடும் அதே வழியாக, வண்டி வெயிலில் நிற்கும்போது பெட்ரோல் ஆவி வெளியே போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கண்ணெரிக்கும் புகைமூட்டத்தின் காரணத்தை 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தவர் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலார். அதுவரை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை! பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாக மாறுகின்றன என்று அவர் காட்டினார். அமெரிக்கக் கார்களில் 1970ஐ ஒட்டி மூச்சுத் துளைகள் கரித்தூள் அடைத்த டப்பாவுக்குத் திருப்பப்பட்டன. கரி ஆவியைப் பிடித்து வைத்திருந்து, எஞ்சின் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும். நம் நாட்டு இருசக்கர வண்டிகளுக்கு இந்த ஆவிக் கட்டுப்பாடு 2017இல் பி.எஸ். 4 விதிகளோடு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது புல்லட்டிலிருந்து கார்புரேட்டரே விடைபெற்றது. இப்போது மின்கணிப்பொறி பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. அதற்குக் கிண்ணமும் இல்லை, மூச்சுத் துளையும் இல்லை.

அதற்கு முந்தைய புல்லட்டுகள் இன்னும் நம் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் வைத்தியம் அறிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. நம் மெக்கானிக்கின் பட்டறையில் இப்போதுள்ள இரண்டு இளைஞர்களும் கணிப்பொறியை மாட்டிக் குறை பார்க்கக் கற்றவர்கள்; டிக்ளரை அழுத்திப் பார்க்கச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மைத்துனரின் வண்டிக்கு அவர் செய்தது இவ்வளவுதான்: நைட்ரைல் குழாய்கள் இரண்டை நீளமாக வெட்டி, கார்புரேட்டருக்கு மேலே ஏற்றி, பாட்டரிப் பெட்டிக்குப் பின்னால் காற்று அசையாத இடத்தில் கீழ்நோக்கி வளைத்துவிட்டார். முனைகளைச் சாய்வாக நறுக்கினார். குளவி நுழையாதபடி மெல்லிய கம்பிவலைத் துண்டைச் சுற்றினார். கூம்பு வடிகட்டியை எடுக்க மைத்துனர் மனம் ஒப்பாததால், மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார், வெளுத்திருந்தது. "காவி நிறம் வரட்டும், பிறகு பேசுவோம்" என்றார்.

ஆடியில் மீண்டும் காவல்கிணறு போனோம். திரும்பும்போது முப்பந்தலில் காற்று எங்களைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளியது. தோவாளையில் நிறுத்தி, பூக்கடை வாசலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். இளங்காவி நிறம்.